போடாத ஊசியின் தேதி

அத்தியாயம் 14

எழிலைத் திட்டி இந்த வாரமும் கடிதங்கள் வந்திருக்கின்றன. பெற்ற பிள்ளைக்குத் தடுப்பூசி போடவே கூடாது என்று பெண்டாட்டியிடம் சத்தியம் வாங்கியவனைத் திட்டாமல் என்ன செய்வீர்கள், நன்றாகத் திட்டுங்கள். அவனுக்கு வக்காலத்து வாங்க எனக்கும் ஆசை இல்லை. ஆனால் அந்தச் சத்தியம் எங்கே வாங்கப்பட்டது என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். எழுபத்தைந்து நாள் குழந்தையைப் புதைத்த குழியின் ஓரத்தில், கையிலிருந்த மண்ணைக்கூடத் தட்டாமல் நின்று அவன் கேட்டது அது.

அந்தக் குழந்தைதான் மீனம்பாள், இவர்களுடைய மூத்தவள். அவளுக்கு ஊசி போட்டது பாரதியேதான். பாரதி கிராம சுகாதார நர்ஸ். தன் பிள்ளைக்குத் தானே போடலாமே என்று ஆசையாகப் போட்டாள். மறுநாள் விடிந்தபோது குழந்தையின் உடம்பு சில்லிட்டிருந்தது. பிறவியிலேயே இதயத்தில் கோளாறு, ஊசிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று பெரிய ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தார்கள். எழில் அந்தக் காகிதத்தை நம்பவில்லை. பாரதி நம்பினாள், ஆனால் நம்பியது அவள் புத்தி மட்டும்தான்.

அடுத்துப் பிறந்தவள் சுவாதி. இப்போது ஐந்தரை வயது, யூ.கே.ஜி. படிக்கிறாள். பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில் போட்டதைத் தவிர வேறு எந்த ஊசியும் அவள் உடம்பில் ஏறவில்லை. ஆனால் அவளுடைய தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள், ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்காது. எல்லாவற்றுக்கும் தேதி இருக்கிறது, பாரதியின் கையெழுத்தில்.

ஏன் எழுதினாள்? நர்ஸ் தன் பிள்ளைக்கே ஊசி போடவில்லை என்று தெரிந்தால் எந்தத் தாய் அவளிடம் பிள்ளையை நீட்டுவாள்? அதுவும் இல்லாமல் குப்பியில் குறைந்த மருந்துக்கும் வந்த குழந்தைகளுக்கும் கணக்கு ஒத்துப்போக வேண்டும். அதனால் ஒவ்வொரு முறையும் சுவாதியின் பங்கைச் சிரிஞ்சில் ஏற்றினாள். தொடை வரைக்கும் கொண்டு போனாள். கடைசி நேரத்தில் பக்கத்திலிருந்த பஞ்சில் பீய்ச்சிவிட்டு, பேனாவை எடுத்தாள்.

இதெல்லாம் போன வாரம் படித்ததுதான். ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரகசியமாகப் போட்டிருந்தால் எழிலுக்குத் தெரிந்தே இருக்காது. தடுத்தது அவன் மட்டும் இல்லை. எனக்கென்னவோ அவனைவிட இவள் மேல்தான் கோபம் அதிகம், அந்தக் கோபத்தோடு இவளை நினைத்து அழுகையும் வருகிறது.

சரி, புதன்கிழமைக்கு வருவோம்.

அன்றைக்கு அமாவாசை. செஞ்சி பஸ் ஸ்டாண்டில் விடியற்காலையிலிருந்தே மேல்மலையனூர் கோயில் ஸ்பெஷல் பஸ்களுக்குக் கூட்டம். எழில் தனியார் பஸ்ஸில் கண்டக்டர், அமாவாசைக்கு லீவு என்ற பேச்சே கிடையாது. காக்கிச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே மகள் படுத்திருந்த பாயருகே வந்து குனிந்தான்.

ஞாயிற்றுக்கிழமை தொண்டை வலி என்று ஆரம்பித்தது. திங்கட்கிழமை எழிலின் தங்கை சுமலதாதான் காந்தி பஜார் பக்கம் டாக்டர் உமர் பாரூக்கின் கிளினிக்குக்கு சுவாதியைக் கூட்டிப் போனாள். சுமலதா பி.எட். முடித்துவிட்டு, வேலை கிடைக்கும் வரை அண்ணன் வீட்டில் இருக்கிறாள். டாக்டர் வழக்கம்போல அட்டையைக் கேட்டார், பாரதி பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தனுப்பியிருந்ததை சுமலதா நீட்டினாள். எல்லா ஊசியும் ஒழுங்காகப் போட்டிருக்கிறது, நர்ஸ் வீட்டுப் பிள்ளை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று பாராட்டியும் விட்டார். டான்சில்தான் என்று மருந்து எழுதிக் கொடுத்தார்.

மூன்று நாளாகியும் குறைந்தபாடில்லை. ஜுரம் பெரிதாக இல்லை, ஆனால் பிள்ளை சோர்ந்து கிடந்தாள். தண்ணீர் கொடுத்தால் பாதி வெளியே வந்தது.

நீங்க இன்னைக்கு இருந்தா தேவலாம் என்று பாரதி மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். எழில் டிக்கெட் பையைத் தோளில் மாட்டினான்.

"அவளுக்கு ஒண்ணும் ஆகாது. எனக்குத் தெரியும். ரெண்டு பேரும் மாத்திரைய நேரத்துக்குக் குடுங்க."

பாரதிக்கு அது விசித்திரமாக இருந்தது. சுவாதி ஒரு வயதில் பொத்தானை விழுங்கியபோது செருப்புகூடப் போடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் இவன். தும்மினால்கூட நெஞ்சில் காதை வைத்துக் கேட்பான். இப்போது ஒரு இரண்டு வருஷமாகத்தான் இப்படி ஒரு நிதானம். வயசாகிறது, பயம் தெளிந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அவளும் கிளம்பத்தான் வேண்டியிருந்தது. புதன்கிழமை ஊசி நாள். புதன்கிழமை லீவு கேட்டால், முகூர்த்த நேரத்தில் தாலியைக் காணோம் என்று சொன்ன மாதிரி மேலே இருப்பவர்கள் பார்ப்பார்கள். போவதற்கு முன் டார்ச் அடித்துப் பார்க்க வாயைத் திறக்கச் சொன்னாள். வலியில் பிள்ளை வாயை முழுதாகத் திறக்கவில்லை. தெரிந்தவரைக்கும் சிவப்பும் ஓரத்தில் ஏதோ வெளுப்பும். சீழ்ப்புள்ளியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள்.

போன மாத நர்ஸ்கள் கூட்டத்தில் சொன்னது அவளுக்கு ஞாபகம் இல்லாமல் இல்லை. பக்கத்து மாவட்டத்தில் இரண்டு பிள்ளைகளுக்குத் தொண்டை அடைப்பான் வந்திருக்கிறது, சந்தேகம் வந்தால் உடனே அனுப்புங்கள் என்றிருந்தார்கள். இந்த நோயெல்லாம் ஒழிந்தே போச்சு என்று பக்கத்தில் இருந்தவள் சொன்னாள், பாரதியும் தலையாட்டினாள். திங்கட்கிழமையிலிருந்து அந்த வார்த்தையை அவள் மனசு மூடி மூடி வைத்தது. ஸ்கூட்டியில் போகும்போதும் மூடித்தான் வைத்திருந்தாள்.

அவள் வேலை பார்க்கும் துணை சுகாதார நிலையம் தொண்டூர் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறது. பட்டியலில் இருபத்திரண்டு பிள்ளைகள். பதினொன்றரை மணி வரைக்கும் அவள் தலை நிமிரவில்லை. எடை பார், பெயர் கேள், சிரிஞ்சைப் பிரி, தொடையைத் துடை, குத்து, அரை மணி நேரம் உட்கார வை. இவ்வளவு நேர்த்தியாக ஊசி போடும் நர்ஸ் அந்த வட்டாரத்தில் இல்லை என்பார்கள். மற்ற பிள்ளைகள் என்றால் அவள் கை நடுங்கியதே கிடையாது.

கடைசியாக வந்தவள் அமிர்தவல்லி. இடுப்பில் பத்து வாரக் குழந்தை. வாசலோடு நின்றுவிட்டாள். பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருக்கும் அவள் புருஷன் நேற்று போனில் ஏதோ வீடியோ அனுப்பியிருக்கிறான். ஊசி போட்டால் பிள்ளைக்கு இழுப்பு வரும், என்னைக் கேட்காமல் போட்டால் வீட்டுக்கே வர மாட்டேன் என்றானாம். போன தடவை போட்டதற்கே ராத்திரி முழுக்க அழுகை. அவளுக்குப் போடவும் பயம், போடாமல் போகவும் பயம்.

இந்த மாதிரி தாய்மார்களுக்கு பாரதியிடம் ஒரு வைத்தியம் உண்டு. போனில் சுவாதியின் அட்டையைப் படம் எடுத்து வைத்திருந்தாள். என் பிள்ளைக்கே போட்டிருக்கிறேன், பார், என்று காட்டுவாள். இதுவரைக்கும் அந்தப் படத்துக்கு மசியாத தாய் இல்லை. அந்தப் பொய்யைக் காட்டி அவள் காப்பாற்றிய பிள்ளைகள் நாற்பது ஐம்பது இருக்கும். இதை நான் எந்தப் பக்கத்தில் எழுதுவது, சொல்லுங்கள்.

இன்றைக்கும் போனை எடுத்தாள். படத்தைத் திறக்கும்போது விரல் நின்றது. பிறகு திறந்தாள். அமிர்தவல்லி ஒவ்வொரு தேதியாக வாய்விட்டுப் படித்துப் பார்த்தாள்.

"பாப்பா இப்ப நல்லா இருக்குதாக்கா?"

"நல்லா இருக்குது."

அமிர்தவல்லி குழந்தையை நீட்டினாள். பாரதி ஊசியைப் போட்டு, பஞ்சை அழுத்தி, தேதி எழுதினாள். இந்தத் தேதி உண்மையானது.

குழந்தையின் அழுகை அடங்குவதற்குள் மேஜை மேல் இருந்த போன் அதிர்ந்தது. சுமலதா.

"அண்ணி, கழுத்து ரெண்டு பக்கமும் வீங்கிக் கெடக்குது. கூப்ட்டா வாய அசைக்கிறா, கொரலே வரல. மூச்சு விட்டா கொர்ருங்குது."

மூடி வைத்திருந்த அந்த வார்த்தை அப்போது வெளியே வந்துவிட்டது. இப்பவே ஆட்டோ பிடித்து டாக்டரிடம் போ, அண்ணனுக்கும் சொல், நான் நேராக அங்கே வருகிறேன் என்றாள் பாரதி. அங்கன்வாடி அம்மா மாரியம்மாளிடம் பிள்ளைகளையும் மருந்துப் பெட்டியையும் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள்.

ஊருக்குள் நுழையும் இடத்தில் ஸ்பெஷல் பஸ்கள் வரிசையாக நின்றன. மஞ்சள் புடவைகள் சன்னலுக்குச் சன்னல். ஒரு பஸ்ஸுக்கும் மதிலுக்கும் நடுவில் கால் ஊன்றி ஊன்றித்தான் அவளால் போக முடிந்தது. மலை உச்சிக் கோட்டையைப் பார்க்க வந்தவர்கள் ரோட்டின் நடுவே நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஹாரன் அடித்து அடித்து அவளுக்குக் கட்டை விரல் வலித்தது.

கிளினிக்கில் எழில் அவளுக்கு முன்பே வந்திருந்தான். பஸ்ஸைப் பாதி வழியில் வேறு ஒருவனிடம் ஒப்படைத்துவிட்டு ஓடி வந்தவன். பயந்திருந்தான், ஆனால் கலங்கிப் போகவில்லை. டாக்டர் பார்த்துட்டாரு, வேற மருந்து குடுப்பாராம் என்று இவளுக்கே தைரியம் சொன்னான்.

உள்ளே மேஜை மேல் சுவாதி சாய்ந்து கிடந்தாள். கழுத்துக்கும் தாடைக்கும் வித்தியாசமே இல்லை. அம்மாவைப் பார்த்ததும் உதடு அசைந்தது. டாக்டர் நாக்கை அழுத்திப் பிடித்து டார்ச் அடித்தார், பாரதியும் எட்டிப் பார்த்தாள். உள்நாக்கு வரைக்கும் சாம்பல் நிறத்தில் தடிப்பாக ஒரு தோல். டாக்டர் குச்சியால் லேசாகத் தொட்டதும் ஓரத்தில் ரத்தம் கசிந்தது.

பாடப் புத்தகத்தில் அவள் படித்தது அப்படியே இருந்தது.

டாக்டர் உமர் பாரூக் அவசரப்படாத மனிதர். இருபது வருஷமாக இந்த ஊர்ப் பிள்ளைகளைப் பார்க்கிறவர். கையைக் கழுவிக்கொண்டு, பார்த்தால் தொண்டை அடைப்பான் மாதிரிதான் இருக்கிறது என்றார். உடனே மேஜை மேலிருந்த அட்டையை எடுத்துத் திருப்பினார்.

"ஆனா எல்லா டோசும் போட்ட புள்ள. பூஸ்டர்கூட ஆறு மாசம் முன்னதான் போட்டிருக்கு. இது வேற ஜுரமா இருக்கலாம், இதே மாதிரி தோலு கட்டும். ரத்தம் எடுத்துடலாம். மருந்த நரம்புல ஏத்தி, நாளைக் காலைல வரைக்கும் பார்ப்போம்."

எழில் தலையாட்டினான். சுமலதா கையெடுத்துக் கும்பிட்டாள். நாளைக் காலை வரைக்கும் என்பது பாரதிக்கு மட்டும் வேறு மாதிரி கேட்டது. இந்த நோய்க்கு எதிர்மருந்து உண்டு, அது மணிக்கணக்கில் ஏற வேண்டும், நாள்கணக்கில் இல்லை. விஷம் இதயத்தில் போய் உட்கார்ந்துவிட்டால் அப்புறம் எந்த மருந்தும் உதவாது.

வாயைத் திறந்தால் வேலை போகும். கேஸ் வரலாம். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களில் இருவர் அவள் வட்டாரத்துக்காரர்கள், கதவு பாதி திறந்திருந்தது. அதைவிடப் பெரியது, எழில் நிற்கிறான். இவன் வாங்கிய சத்தியத்தை இவள் காப்பாற்றியிருக்கிறாள் என்று இப்போது இவனுக்கே சொல்ல வேண்டும். இதைப் போல ஒரு தண்டனை ஒரு பெண்ணுக்கு வரக் கூடாது.

இதையெல்லாம் அவள் யோசித்தாள் என்று எழுதுவது என் வசதிக்குத்தான். உண்மையில் யோசிக்கவில்லை. பிள்ளை ஒரு மூச்சு இழுத்தாள், அது பாதியில் சிக்கியது, பாரதி பேசிவிட்டாள்.

"சார், அட்டைய பாக்காதீங்க. அதுல நான் எழுதினதோட சரி. ஊசி போடல."

டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"எந்த டோசு?"

"ஒண்ணும் போடல சார். பொறந்தன்னிக்கு ஆஸ்பத்திரில போட்டதோட சரி."

சுமலதா வாயைப் பொத்திக்கொண்டாள். எழில் டாக்டர் கையிலிருந்த அட்டையைப் பார்த்தான். டாக்டர் திட்டவில்லை. திட்ட அவருக்கு நேரம் இல்லை. ஒரு கையில் போனும் ஒரு கையில் பேனாவுமாக அடுத்த பத்து நிமிஷத்தில் அவர் செய்த வேலையைப் பார்த்துத்தான் பாரதிக்குத் தன் பிள்ளை எங்கே நிற்கிறாள் என்று முழுதாகப் புரிந்தது. 108-க்குச் சொன்னார். முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டு, மூச்சுக்குழாயில் துளை போட ஆள் தயாராக இருக்கட்டும் என்றார். எதிர்மருந்து கையிருப்பில் இருக்கிறதா என்று கேட்டார். பார்த்துவிட்டுச் சொல்கிறோம், இல்லையென்றால் சென்னையிலிருந்து வர வேண்டும் என்று பதில் வந்தது. தொற்றாமல் இருக்க வீட்டில் எல்லோருக்கும் மாத்திரை எழுதினார். வகுப்பில் கூட உட்கார்ந்த பிள்ளைகளின் பெயர்கள் இன்றைக்கே வேண்டும் என்று சுமலதாவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்.

எல்லாம் முடிந்த பிறகுதான் பாரதியின் பக்கம் திரும்பினார்.

"வேற யார் புள்ளைக்காவது இப்டி எழுதியிருக்கியாம்மா?"

"சத்தியமா இல்ல சார். என் புள்ளைக்கு மட்டுந்தான்."

அது உண்மை. ஊரார் பிள்ளை ஒன்றைக்கூட அவள் ஏமாற்றியதில்லை. ஆனால் இனிமேல் அதை யார் நம்புவார்கள்? பாதி திறந்த கதவுக்கு வெளியே பெஞ்சு காலியாக இருந்தது. அந்த இரண்டு தாய்மாரும் எழுந்து போயிருந்தார்கள். சாயங்காலத்துக்குள் அது அமிர்தவல்லி வரைக்கும் போய்விடும். ஒன்பது வருஷமாக அவள் எழுதிய ஒவ்வொரு தேதியையும் ஒவ்வொரு தாயும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள்.

அட்டையைத் திருப்பிக் கேட்க அவள் கை நீட்டினாள். டாக்டர் அதை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

"இது இங்க இருக்கட்டும். நான் மேல சொல்லித்தான் ஆகணும், பாரதி."

ஆம்புலன்ஸ் விழுப்புரம் ரோட்டில் ஏறியபோது மணி ஒன்றரை. சுவாதியின் மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். தலைமாட்டில் ஆம்புலன்ஸ் பையன் உட்கார்ந்து அவள் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தான். கால்மாட்டில் எழில், மகளின் இரண்டு பாதங்களையும் உள்ளங்கையில் பிடித்தபடி. டிக்கெட் பை இன்னும் அவன் தோளிலேயே தொங்கியது.

பாரதி மடியில் போனை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மருந்து இருக்கிறதா இல்லையா என்று டாக்டர் கூப்பிட வேண்டும். அதைவிட எழில் வாயிலிருந்து என்ன வரும் என்பதற்குத்தான் அவள் பயந்தாள். நீங்கள் சொன்னதைத்தானே செய்தேன் என்று சொல்ல அவளுக்கு வார்த்தை தயாராக இருந்தது. ஆறு வருஷமாகத் தயாராக இருந்த வார்த்தை அது.

"ரெண்டு வருசம் முன்ன ரேஷன் கார்டு தேடினேன்," என்றான் எழில், பாதங்களைப் பார்த்துக்கொண்டே. "பீரோல உன் சான்றிதழ் கவருக்குள்ள அந்த அட்ட இருந்துது."

பாரதி நிமிர்ந்தாள்.

"எல்லாத் தேதியும் பாத்தேன். ஏமாத்திட்டாளேன்னு கோவம் வரும்னு உக்காந்து பாத்தேன். வரல. வெளிய போயி டீ கடைல நின்னு அழுதேன். அப்புறம் எடுத்த எடத்துலயே வச்சிட்டேன்."

"என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

"கேட்டா சண்ட போடணும். பெரியவ குழிகிட்ட வாங்கின சத்தியம் இன்னா ஆவுறது?" மகளின் பாதங்களை இன்னும் இறுக்கிப் பிடித்தான். "நான் பிடிவாதமாவே இருக்கேன், நீ எனக்குத் தெரியாம புள்ளையக் காப்பாத்திட்டன்னு நெனச்சேன். காலைலகூட அதான் சொன்னேன், ஒண்ணும் ஆகாதுன்னு. எனக்குத் தெரியாம போட்டிருக்கக் கூடாதா பாரதி?"

தயாராக இருந்த அந்த வார்த்தை அவளுக்கு இப்போது உதவவில்லை.

"ஊசிய தொடை வரைக்கும் கொண்டு போவேன்," என்றாள். "மீனம்பாளுக்குப் போட்ட அதே கை. வரலங்க. நீங்க வேணாம்னு சொல்லியிருந்தது எனக்கும் வசதியாப் போச்சு."

ஆம்புலன்ஸ் பையன் ஆக்ஸிஜன் திருகைக் கொஞ்சம் கூட்டினான். சுவாதி கண்ணைத் திறந்து, நைனா என்று உதட்டை மட்டும் அசைத்தாள். எழில் குனிந்து அவள் பாதங்களில் முகத்தை வைத்துக்கொண்டான்.

மடியிலிருந்த போன் அடித்தது. டாக்டரின் நம்பர். பாரதி பச்சைப் பொத்தானை அழுத்திக் காதில் வைக்கும்போது, தலையை நிமிர்த்தாமலே அவன் சொன்னான்.

"நீ என் பேச்ச கேக்கலன்னு ரெண்டு வருசமா எவ்ளோ நிம்மதியா இருந்தேன் தெரியுமா."